ரயில் சத்தத்தில் ஆட்டிய மாவு

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக உளுந்த வடைக்கு ஆசைப்பட்டது ஒரு குற்றமா? வானமாமலைக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிடி உளுந்தை ஆட்ட இவ்வளவு நேரமா? அவன் பெண்டாட்டி சண்முகவடிவு குழவியை நாலு சுற்றுச் சுற்றுவாள். நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். திடீரென்று பேய் பிடித்தவள் மாதிரி ஆட்டுவாள். மறுபடி நிறுத்துவாள்.

"ஏட்டி, கை சுளுக்கிக்கிட்டா? இந்த லட்சணத்துல ஆட்டுனா வடை தீவாளிக்குத்தான்!" என்று கத்தினான்.

"மெதுவாப் பேசுங்க." அவள் பலகைத் தரையைக் காட்டினாள். "கீழ்வீட்டு ஜெயினுலாப்தீன் பாய் மில்லுல ராத்திரி ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் தூங்குதாவ. இங்க குழவி உருண்டா அவுக தலையில இடி எறங்குத மாதிரி இருக்கும். பின்னால தண்டவாளத்துல லோக்கல் வண்டி வரட்டும். அந்தச் சத்தத்துக்குள்ள ஆட்டிக்கிடுவேன்."

"என்னைக்கிலேருந்து இப்படி?"

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து."

போன வாரம் அந்த பாய் மாடிப்படியில் அவனை நிறுத்தி, "உங்க வீட்ல ஆட்டுரலே கிடையாதோ? சத்தமே கேக்கலியே" என்று கேட்டது வானமாமலைக்கு ஞாபகம் வந்தது.

வடையைத் தின்று முடித்ததும், துணிக்கொடி கட்ட அவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஆணியை எடுத்துச் சுவரில் வைத்தான். சுத்தியலை ஓங்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"ஏட்டி," என்று கிசுகிசுத்தான், "அடுத்த வண்டி எப்ப வரும்?"