முகமூடி போடாத அண்ணன்

பழ ஈக்களின் முட்டைகளைத் தட்டில் பரப்பி, விளக்கின் அடியில் வைத்து, இரும்புப் பெட்டியின் கதவைச் சாத்தினாள் அவள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஈக்காரி என்று பெயர். புற ஊதா விளக்கு அது. அந்தக் கதிர் கொஞ்ச நேரம் பட்டால் போதும், முட்டைக்குள் இருக்கும் மரபணு பிசகிவிடும். அந்த முட்டையிலிருந்து வரும் ஈ பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். அதன் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ சிறகு சுருண்டிருக்கும், கண் வெளுத்திருக்கும். இந்தக் கண்ணராவியைப் பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"கடைக்கு ஆள் வராம நான் ஈ ஓட்டுறேன், நீ சம்பளம் வாங்கிட்டு ஈ ஓட்டுற" என்று அண்ணன் கிண்டல் செய்வார். அண்ணனுக்கு வெல்டிங் பட்டறை. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தது அந்தப் பட்டறைதான்.

பெட்டியைச் செய்து தந்ததும் அவரே. முன்பு விளக்கு மேசைமேல் திறந்து கிடந்தது. கூடத்தில் எல்லோருக்கும் பயம். அதனால் அண்ணனிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, மயிரிழை இடுக்குகூட இருக்கக் கூடாது. இந்த வெளிச்சம் வெளிய கசிஞ்சா கூடத்துல இருக்கிறவங்க கண்ணு போயிரும், புத்துநோய்கூட வரும்."

"உங்க ஆளுங்க மேல ஒரு பொட்டு வெளிச்சம் படாது. நீ கவலைப்படாம போ."

சொல்லிவிட்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சுருக்கி, மூலைகளைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தார். முகமூடி போட்டால் எங்கே புள்ளி வைக்கிறோம் என்று தெரியாது, கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டும். பட்டறைக்காரர்கள் பலரும் செய்கிற காரியம்தான். அவள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெல்டிங் சுடரிலிருந்து வருவதும் புற ஊதாக் கதிர்தான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது பட்டறையில் வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான். சூடு ஆறியதும் குனிந்து, எங்காவது இடுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள்.

பெட்டி செய்து வருஷங்கள் பல ஓடின. இந்த வருஷம் அண்ணனின் வலது கண்ணில் நிழலாடியது. டாக்டர் உள்ளே கட்டி என்றார். புற்று. கண்ணை எடுத்தால்தான் ஆள் தப்பும்.

"வெல்டிங் வெளிச்சத்தாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். முகமூடி போடாமத்தான் வேலை பார்த்தாரா?"

அண்ணி அவளைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள்.

கண்ணை எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி மெல்லக் கேட்டாள்.

"உன் கூட வேலை பார்க்கிறவங்களுக்கு ஆகாதுன்னு சொன்ன. இவருக்கும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. என் பேச்சை எங்க கேட்டாரு, நீ சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு."

அண்ணி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தத் தணிந்த குரல் அவளை அறுத்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

கட்டு பிரித்த பிறகு, வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் அண்ணன் பட்டறைக்கு வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். அவளும் கூட வந்தாள். அண்ணனின் கூட்டாளி ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு புள்ளி வைக்கப் போனார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"ஒரே ஒரு புள்ளிதாம்மா. முடிஞ்சிரும்" என்றார் அவர்.

"எங்கண்ணனும் ஒவ்வொரு புள்ளியாத்தான் வச்சாரு."

கூட்டாளி முக்காலிப் பக்கம் பார்த்தார்.

"இந்தக் கதிர் என்ன பண்ணும்னு படிச்சவ நான். ஈயைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், கூடப் பிறந்தவர்கிட்ட வாயைத் திறக்கல. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு உதவாத படிப்பு என்ன படிப்பு? முகமூடியை எடுத்து மாட்டுங்கண்ணே. நீங்க மாட்டுற வரைக்கும் நான் நகர மாட்டேன்."