மைனருக்கு வலிக்காது

"பின்னங்காலப் பிடிக்காதீங்க, போர்வையோட சேத்துத் தூக்குங்க" என்று மகாலட்சுமி சொல்லி முடிப்பதற்குள் மைனர் தலையைத் திருப்பிப் பல்லைக் காட்டியது. ஆட்டோக்காரர் ஜபருல்லா கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். எழுந்து நிற்கவே முடியாத நாய்க்கு, பல்லைக் காட்ட மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ.

கடைசியில் மாமனார் சோலைராஜ்தான் வரவேண்டியிருந்தது. அவரைத் தவிர வேறு யாரையும் மைனர் தொடவிட்டதில்லை. ராஜபாளையம் நாய்க்கு உள்ள குணம் அது, அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி குனிந்தவர், நாயின் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்தார். வயதான நாயை ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு அலையத்தான் வேண்டுமா என்று கேட்டார்.

சொல்லிச் சொல்லி மகாலட்சுமிக்கு வாய் ஓய்ந்துவிட்டது. பொங்கலுக்கு நாய் நொண்ட ஆரம்பித்தபோதே டாக்டரிடம் காட்டலாம் என்றாள். சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தபோது சொன்னாள். கறுப்பாக வெளிக்குப் போனபோதும் சொன்னாள். "நம்ம ஊரு நாயி வலிக்குக் கத்தாது தாயி. மைனருக்கு வலியே கெடையாது" என்பதுதான் எப்போதும் பதில். கத்தவில்லையென்றால் வலிக்கவில்லை என்று அர்த்தமா? கணவன் முத்துப்பாண்டியிடம் போனில் புலம்பினால், லாரியோடு எங்கோ ஒடிசாவில் இருக்கும் அவன், அப்பாவுக்குத் தெரியாத நாயா என்று வைத்துவிடுவான். இன்று காலை மைனர் தன் மூத்திரத்திலேயே கிடப்பதைப் பார்த்ததும் தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவளே ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

உள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டர் மாடுகளுக்கு ஊசி போடக் கிராமத்துக்குப் போயிருந்தார். அங்கே ஒரு மணி நேரம் வீணாய்ப் போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் பானுப்பிரியாவின் கிளினிக்கில் ஒரு கிழட்டுப் பூனைக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

டாக்டர் மைனரின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, கிட்னியும் கெட்டிருக்கும் போலிருக்கிறது என்றவர், ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"மருந்து மாத்திரைக்கெல்லாம் இங்க வேலையே இல்ல. இது ராஜபாளையத்து நாயிம்மா" என்றார் சோலைராஜ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மகாலட்சுமிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

டிரிப் பாட்டில் பாதிகூட இறங்கவில்லை. மைனர் சோலைராஜின் உள்ளங்கையில் மூக்கை வைத்தது, ஒருமுறை நீளமாக மூச்சு விட்டது, அவ்வளவுதான். அப்போதும் அது கத்தவில்லை.

அவரும் ஜபருல்லாவுமாகப் போர்வையை வெளியே தூக்கிப் போனபோது டாக்டர் மகாலட்சுமியை நிறுத்தினார். "வயசானவங்க சில பேரு தங்களோட மூட்டுவலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துடுவாங்க. அது நாய்க்கு விஷம்மா. அதான் கேட்டேன்."

மாமனாரின் முழங்கால் மாத்திரையை வாங்கிக் கொடுப்பவள் மகாலட்சுமிதான். நாளுக்கு முன்பே மாத்திரை தீர்ந்துபோகாத மாதமே இல்லை, அவர் முழங்கால்வலியோ கூடிக்கொண்டேதான் போனது. ராத்திரி முனகல் அடுத்த அறைவரை கேட்கும். சுகர் உடம்பை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாகப் பால்கோவா வேறு வாங்குகிறாரே என்று அவள் சத்தம் போட்டதும் உண்டு. அவர் அதைத் தின்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆட்டோவில் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கேட்டுவிட வேண்டும் என்று வாய்வரை வந்த பேச்சை, அவர் மடியில் கிடந்த நாயின் தலையைப் பார்த்துப் பார்த்து விழுங்கினாள். செத்தபிறகு கேட்டு என்ன ஆகப்போகிறது? இருக்கட்டும். வயதாகிச் செத்தது என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும். அப்படி நினைத்தபிறகும் கோபம் அடங்கவில்லை.

வீட்டுக் கொல்லையில் ஜபருல்லா குழி வெட்டினார். போர்வையோடு மைனரை இறக்கியபோது பக்கத்துத் தெரு பொன்னுராஜ் வந்தார். அவர் வீட்டில் இருப்பதும் மைனரோடு ஒரே ஈற்றில் பிறந்த பெட்டைதான். குழிக்குள் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, தன் நாயும் இப்போது காலை இழுக்கிறது என்றார்.

சோலைராஜ் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் களை வந்தது.

"கத்தாதுலா, நாமதான் கண்ணு வச்சிப் பாக்கணும். ஏங்கிட்ட மாத்திரை இருக்கு, பால்கோவாக்குள்ள வச்சிக் குடு. பொறவு பாரு, எந்திரிச்சி நடக்கும். மைனர அப்பிடித்தான் நான் வலி தெரியாமப் பாத்துக்கிட்டேன்" என்றவர், மகாலட்சுமியிடம் திரும்பினார். "அந்த மாத்திரை அட்டைய எடுத்தா தாயி."

அவள் நகரவில்லை. பொன்னுராஜ் அவளைப் பார்த்தார்.

"குடுக்காதீங்க அண்ணாச்சி. அது நாய்க்குச் சேராதாம்" என்றாள்.

"யாரு சொன்னா?" என்றார் சோலைராஜ்.

"டாக்டரம்மா சொன்னாவ, மாமா."

"மைனரு தின்னானே, அவனுக்கு ஒண்ணும்…" என்று ஆரம்பித்தவர் குழிக்குள் பார்த்தார்.

அவர் மறுத்துப் பேசட்டும், டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும் என்று வழக்கம்போல எரிந்து விழட்டும் என்று மகாலட்சுமி காத்திருந்தாள். பொன்னுராஜ் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டு மெல்ல நழுவினார்.

ஜபருல்லா மண்வெட்டியை எடுத்தார். சோலைராஜ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முழங்காலைப் பிடிக்காமல், முனகாமல், குழியின் ஓரத்தில் அப்படியே மண்டியிட்டார். இரண்டு கையாலும் கால் பக்கமிருந்து மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். தலைமாட்டுக்கு வர வெகுநேரம் ஆயிற்று.