சிறைச்சாலை வழியாக எட்டு நிமிடம்

டத்தோ கிராமாட்டில் எந்த வீட்டிலிருந்தும் எட்டே நிமிடத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துவிடலாம் என்று டாக்டர் அம்பிகைபாகன், கெலுகோரில் தன் அறை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்திருந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் புவியியல் விரிவுரையாளர். வரைபடத்தில் ஸ்டேஷன்மேல் காம்பஸை ஊன்றி வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் பாதுகாப்பாக இருந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

மாநாட்டில் வாசிக்குமுன் நேரில் நிரூபித்துவிட, 1986-ல் ஒரு காலை, தொப்பியும் ஸ்டாப் வாட்சுமாக டத்தோ கிராமாட்டில் வந்து இறங்கினார். அகப்பட்டவள் அங்கே குடியிருந்த சந்திரிகா. அவளுடைய ஐசி, அதாவது அடையாள அட்டை, தொலைந்துவிட்டது. போலீஸ் ரிப்போர்ட்டைக் காட்டினால்தான் கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இரண்டு மணி இன்டர்வியூவுக்கு உள்ளே விடுவார்கள்.

"பஸ்ஸு சுத்திக்கிட்டுப் போகும் சார். முக்கா மணி நேரம் ஆகும்லா."

டாக்டர் அவள் வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை வரைபடத்தில் சிவப்பாக ஒரு நேர்கோடு இழுத்தார். "பஸ்ஸோ? என்ர கோட்டால வாரும் பிள்ளை. எட்டு நிமிஷம்!"

கோடு பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் கோழிக்கூண்டுக்குள் புகுந்தது, இவர்களும் புகுந்தார்கள். சின்னம்மா துடைப்பத்தோடு கொஞ்ச தூரம் கூடவே வந்தாள். அடுத்தது பெரிய சாக்கடை. டாக்டர் அதைப் பாதி தாண்டினார்.

பிறகு ஒரு சுவர். இருபதடி. உச்சியில் முள்கம்பி.

"சார், இது ஜெயிலு."

"மெப்பில வெள்ளையாக் கிடந்துது. திடல் எண்டு நினைச்சன்." வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். சுவர் நகரவில்லை.

"சுத்திப் போயிருவோம் சார், பதினொண்ணு ஆச்சு!"

"கோடு வளையாது, பிள்ளை."

வாசலில் நின்ற வார்டர் காஜா மொய்தீனிடம், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேற அனுமதி கேட்டார். இருபது வருட வேலையில் உள்ளே விடச்சொல்லி யாரும் வார்டரைக் கெஞ்சியதில்லை.

"ஸ்டேஷனுக்குப் போயிட்டுத்தான்லா எல்லாரும் இங்க வருவாங்க. நீங்க என்ன சார், ரிவர்ஸ்ல வர்றீங்க?"

அப்போதுதான் வரைபடம் வார்டர் கண்ணில் பட்டது. ஜெயில் இருக்கிற இடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோடு. ஆளின் கையில் ஸ்டாப் வாட்ச்.

"யாரை வெளிய எடுக்கப் பிளான்?"

"நான் டாக்டர்!"

"ஐசி?"

அது கெலுகோரில், கோட்டுப் பையில் இருந்தது.

"தங்கச்சி, உன் ஐசி?"

"அது தொலைஞ்சதுக்குத்தான் அண்ணே இவ்வளவு பாடு!"

கைதிகளை இறக்கிவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பிய போலீஸ் வண்டியில் இருவரையும் ஏற்றினார்கள். கம்பிக் கதவு சாத்தியதும் டாக்டர் ஸ்டாப் வாட்சை அமுக்கினார்.

ஸ்டேஷனில் நீண்ட வரிசை. சந்தேகத்தில் பிடித்து வரப்பட்டவர்களுக்கு வரிசை கிடையாது. சந்திரிகாவை முதலில் விசாரித்தார்கள். ஐசி தொலைந்த கதையை அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அதுதான் ரிப்போர்ட். பன்னிரண்டு மணி ஃபெரியைப் பிடித்தாள். வேலையும் கிடைத்தது.

டாக்டரை அடையாளம் காட்டத் துறைத் தலைவர் வந்து சேர மாலை ஐந்தானது. ஆய்வுக் கட்டுரையில் அது இல்லை. இருப்பது இவ்வளவுதான்: 'நேரில் சோதித்ததில் நான்கே நிமிடம். ஐசி இல்லாதவர்களுக்கு வாகன வசதியும் உண்டு.'