பட்டாணிக்குப் பல் முளைத்த கதை

சாயங்காலம் ஆறரை மணிக்குப் பட்டறையிலிருந்து வீடு திரும்பும் வெல்டர் முதலில் செய்கிற காரியம் பூட்ஸைக் கழற்றுவது அல்ல. வாசல் படியில் உட்கார்ந்து, பையிலிருந்து தோல் கையுறை இரண்டையும் எடுத்து மாட்டிக்கொள்வார். முழங்கை வரை வரும் கனத்த கையுறை, தீப்பொறி பட்டுப் பட்டுக் கறுத்துப்போனது. பட்டறையில் விட்டுவிட்டு வந்தால் மறுநாள் வேறொருத்தர் கையில் இருக்கும் என்பதால் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அதை மாட்டிக்கொண்டு பத்து விரலையும் ஆட்டி, "எங்கடா என் சிங்கம், வந்து கடி பாப்போம்" என்பார். அந்தக் குரலுக்காகவே காத்திருந்ததுபோல் உள்ளேயிருந்து பட்டாணி பாய்ந்து வரும்.

பட்டாணி நாலு மாத நாய்க்குட்டி. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்து கிடக்கும். வெல்டரின் மனைவியோடு வேலை பார்க்கிற பெண்ணின் வீட்டில் ஐந்து குட்டிகள் பிறந்தன, அதில் ஒன்று. ஆறு வயது மகள் மூன்று நாள் அழுது வாங்கிய குட்டி. வெல்டரின் கையுறையை அது கவ்விக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் உதறும்போது, அவர் அதை அந்தரத்தில் தூக்கிக் காட்டி, "தாடையப் பாத்தியா, இடுக்கி தோத்துடும்" என்று மனைவியிடம் பெருமையடிப்பார். கனத்த தோலுக்குள் அவர் விரலுக்கு ஒன்றும் தெரியாது. குட்டிக்கும் குஷி, அவருக்கும் குஷி, நாள் முழுக்க நெருப்போடு மல்லுக்கட்டிய அலுப்பெல்லாம் பறந்துவிடும்.

அவர் குளிக்கப் போனபிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்குக் கஷ்டகாலம் ஆரம்பமாகும். பட்டாணிக்கு மனிதர்களின் கை என்றால் கடிப்பதற்கென்றே செய்து வைத்த பண்டம். மகளின் விரல், மனைவியின் மணிக்கட்டு, கணுக்கால், பாவாடை நுனி என்று ஒன்றையும் விடாது. மகள் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடுவாள். ஓடுகிறவளைத் துரத்தாமல் இருக்க அது என்ன சாமியாரா? துரத்திக்கொண்டு போய்க் குதிகாலைக் கவ்வும். அந்த வீட்டில் கடிபடாத பொருள் என்றால் சுவர் மட்டும்தான். அதிலும் மூலையில் கொஞ்சம் பெயர்ந்திருந்தது.

மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். கிண்டல் பேசுவதில் கெட்டிக்காரி. "நாள் பூரா வாயத் திறங்க, வாயத் திறங்கன்னு சொல்லிட்டு வரேன். வீட்டுக்கு வந்தா வாய மூடு, வாய மூடுன்னு கத்த வேண்டியிருக்கு" என்பாள். வெல்டர் சிரிப்பார். எல்லாம் சின்னக் குட்டிதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்பார். மறுநாள் சாயங்காலம் மறுபடி கையுறையை மாட்டிக்கொள்வார்.

மாடியில் குடியிருந்த வெல்டரின் அக்கா அப்படி விட்டுவிடக்கூடியவள் இல்லை. அந்தக் குடும்பத்துக்குக் கீழ்க்கோர்ட், மேல்கோர்ட் எல்லாம் அவள்தான். தன் புதுச் செருப்பின் வார் போனதும் இறங்கி வந்து தீர்ப்பு சொன்னாள். செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள், மூக்கில் நாலு போட்டால் தானாக அடங்கும் என்றாள். வெல்டருக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கதவருகே வைத்தார்கள். கடித்தால் ஒரு அடி. ஆறரை மணிக்குக் கடித்தால் தட்டிக்கொடுப்பு, ஏழு மணிக்குக் கடித்தால் அடி. அந்தக் குட்டி இதில் எதைத்தான் புரிந்துகொள்ளும், சொல்லுங்கள். அது யாரிடம் போய் விளக்கம் கேட்கும்?

கை ஓங்கினாலே இப்போது பட்டாணி கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. அடங்கிவிட்டது என்று அக்கா சொன்னாள். ஒரு சனிக்கிழமை காலை, வெல்டர் தன் சட்டைக் கையைக் கிழித்ததற்காக மூக்கில் பலமாகவே ஒன்று வைத்தார். குட்டி வீலென்று கத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தது. மகளுக்குப் பொறுக்கவில்லை. தரையில் குப்புறப் படுத்து, தடவிக்கொடுப்பதற்காக இருட்டுக்குள் கையை நீட்டினாள்.

அதற்கு அந்த நேரத்தில் எந்தக் கையும் அடிக்கிற கைதான். பல் ஆழமாக இறங்கிவிட்டது.

மனைவி ஓடி வந்து, மகளின் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெல்டர் அங்கேயே நின்றார். இரும்பையே உருக்குகிற மனுஷனுக்குத் துண்டை எடுத்து நீட்டக்கூடத் தோன்றவில்லை. குட்டிக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் அலட்சியம் வேண்டாம் என்று உடனே மருத்துவரிடம் போனார்கள். ஊசி போட்டார்கள், கட்டுப் போட்டார்கள், அடுத்த ஊசிக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள். மகள் வழியெல்லாம் அழுதது ஊசிக்காக அல்ல. பட்டாணியை அடிக்க வேண்டாம் என்று கேட்டுக் கேட்டுத்தான் அழுதாள்.

மறுநாளே அதைக் கொண்டுபோய் விட்டுவிடு என்று அக்கா சொன்னாள். ஊருக்கு வெளியே மொத்தக் காய்கறிச் சந்தை இருக்கிறது, அங்கே ஏகப்பட்ட நாய்கள் திரிகின்றன, இதுவும் எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும் என்றாள். மகள் கேட்டால் தெரிந்தவர்களின் தோட்டத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாமாம். மனைவி மட்டும், அவசரப்பட வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றாள். வெல்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகளின் கையில் இருந்த வெள்ளைக் கட்டு அவர் கண்ணைவிட்டு அகலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் எழுந்தார். மகளும் மனைவியும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டார். தூக்கும்போது கடித்துவிடுமே என்று கையுறையை மாட்டிக்கொண்டார். கையுறையைப் பார்த்ததும் பட்டாணிக்குத் தலைகால் புரியவில்லை. காலங்காத்தாலேயே விளையாட்டா என்று வாலை ஆட்டி ஆட்டி இடுப்பே ஒடிந்துவிடும் போலிருந்தது. பெட்டிக்குள் போட்டு மூடினார், ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவே வைத்தார். வழி நெடுகப் பெட்டிக்குள்ளிருந்து வால் அட்டையில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சந்தையில் வேன்களிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெங்காயக் கொட்டகைக்குப் பின்னால் ஆள்நடமாட்டம் குறைவு. ஒரு பெண் மட்டும் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து, முட்டைக்கோஸின் வெளி இலைகளை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தள்ளி, எலும்பு தெரிகிற நாலைந்து நாய்கள் படுத்திருந்தன. வெல்டர் பெட்டியைத் திறந்து பட்டாணியைக் கீழே விட்டார். அது சுற்றிலும் மோப்பம் பிடித்துவிட்டு அவர் பூட்ஸருகே வந்து நின்றது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டிச் சாவியைத் திருப்பினார். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வண்டி, அன்றைக்குப் பார்த்துக் கிளம்பமாட்டேன் என்று அடம்பிடித்தது.

இலை உரிக்கிற பெண் தலை நிமிராமலே பேசினாள். "அதோ அந்த வெள்ளை நாய் இருக்கே, அதக்கூட போன மாசம் கார்ல கொண்டாந்துதான் விட்டாங்க. எந்தக் கார் உள்ள வந்தாலும் எந்திரிச்சு நிக்குது. இவ்வளவு சின்னதெல்லாம் இங்க தாங்காதுண்ணே. மத்ததுங்க கிழிச்சுடும்."

கடித்துவிட்டது, சின்னப் பிள்ளை வீட்டில் இருக்கிறது, வேறு வழியில்லை என்று வெல்டர் முணுமுணுத்தார். அவள் கத்தியால் அடுத்த முட்டைக்கோஸின் தண்டை நறுக்கினாள். மறுபடி சாவியைத் திருப்பப் போனபோது அக்குளிலிருந்து ஒரு கையுறை நழுவி விழுந்தது.

பட்டாணி பாய்ந்து அதைக் கவ்வியது. தலையை உதறியது, தன்னைவிடப் பெரிய அந்தத் தோலை இழுத்துக்கொண்டு வந்து வெல்டரின் பூட்ஸ்மேல் போட்டது. முன்னங்காலை நீட்டிப் படுத்து, பின்புறத்தைத் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது. நான் தயார், ஆரம்பிக்கலாம் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

அந்தப் பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் மனதில் கிண்டல் ஒன்றும் இல்லை. உள்ளபடியே மெச்சித்தான் சொன்னாள்.

"நல்லாப் பழக்கியிருக்கீங்களேண்ணே."

வெல்டருக்கு முகத்தில் தண்ணீர் அடித்தாற்போல் ஆயிற்று. குனிந்து கையுறையை எடுத்தார். தோலில் என்னவோ குத்திக்கொண்டு நின்றது. அரிசி அளவுக்கு ஒரு பல். சுற்றிலும் துளி ரத்தம். குட்டியின் வாயை மெல்லத் திறந்து பார்த்தார். முன்னே ஒரு ஓட்டை, அதற்குப் பின்னால் ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

மகளுக்குப் பல் முளைத்த காலம் அவருக்கு நினைவு வந்தது. கைக்குழந்தையாக இருந்தவள் எதைக் கண்டாலும் கடித்தாள். தொட்டில் கம்பி, சீப்பு, அவருடைய தோள் எல்லாம் தப்பவில்லை. ஈறு வலிக்கிறது, பாவம் பிள்ளை என்று ஈரத்துணியைக் குளிரவைத்து வாயில் கொடுத்துவிட்டு, ராத்திரியெல்லாம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் இதே மனுஷன்தான். அவளை யாரும் மூக்கில் அடிக்கவில்லை. அட்டைப்பெட்டியில் வைத்துச் சந்தைக்கும் கொண்டுவரவில்லை.

வெல்டர் அந்த அழுக்குத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பட்டாணி அவருடைய வெறுங்கையைக் கவ்வியது. வலித்தது. குட்டி வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பல் அவர் தோலில் பட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் மற்ற இரண்டு பேரும் தினமும் பட்ட வலி இதுவா என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குட்டியைத் தூக்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். வெட்கமில்லாமல் அழுதுகொண்டே வண்டியை உதைத்தார். இந்தத் தடவை கிளம்பியது. அந்தப் பெண் கத்தியை எடுத்து அடுத்த முட்டைக்கோஸை உரிக்க ஆரம்பித்தாள்.

வீட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மகள் படியில் உட்கார்ந்திருந்தாள், முகம் வீங்கியிருந்தது. பெட்டியையும் காணோம், குட்டியையும் காணோம் என்றால் ஆறு வயசுக்கு என்ன நடந்திருக்கும் என்று தெரியாதா? வெல்டர் வண்டியை நிறுத்தினார். தோட்டத்து வீட்டுக் கதை நாக்கு நுனிவரை வந்தது. நடைப்பயிற்சிக்குக் கூட்டிப்போனேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"கொண்டுபோய் விடத்தான் போனேன்மா. விட முடியல. தப்பு அது மேல இல்ல, அப்பா மேல."

மகள் எழுந்து வந்தாள். கட்டுப் போடாத கையால் அவர் வயிற்றில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அப்புறம் சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மடிந்த காதில் முகத்தை வைத்துக்கொண்டாள். மனைவி அப்படியே படியில் உட்கார்ந்து, "அப்பாடா" என்றாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வெளியே வந்தது.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். வெல்டர் எதையும் மறைக்காமல் சொன்னார், கையுறையையும் சேர்த்து. மருத்துவர் திட்டவில்லை. பால்பல் விழுந்து புதுப்பல் வருகிறது, ஆறேழு மாதம் ஆகும்போது இந்த வேகம் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றார். அதுவரை கடிப்பதற்கு அதற்கென்று ஒரு பொருள் கொடுங்கள், ஈரத்துணியை முறுக்கிக் குளிரவைத்துக் கொடுங்கள் என்றார். தோலில் பல் பட்டால் கத்தாமல், ஓடாமல், விளையாட்டை அங்கேயே நிறுத்திவிட்டு அரை நிமிடம் நகர்ந்து போக வேண்டும், அடிக்கவே கூடாது, அது ஒளிந்திருக்கும் இடத்தில் கை விடக்கூடாது, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையையும் குட்டியையும் தனியே விடக்கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றார்.

ஒரே சட்டம் என்பதில்தான் சிக்கல். பட்டாணி பத்து நாளில் பாதி கற்றுக்கொண்டது. அக்கா ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள். குட்டி சேலையைக் கவ்வினால் சிலைபோல் நிற்க வேண்டும் என்று மகள் அவளுக்கு மாடிப்படியில் வைத்துப் பாடம் நடத்தினாள். அக்கா நிற்பாள், ஆனால் வாய் நிற்காது. வெல்டர் பட்டறையில் கையுறைக்கென்று பூட்டுப் போட்ட ஒரு பெட்டி வாங்கி வைத்தார். வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வந்தார். முதல் இரண்டு வாரம் அவர் கையில் இருந்த கீறல்களைப் பார்த்துப் பட்டறையில் கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து பட்டாணிக்குக் கையால் ரொட்டித்துண்டு ஊட்டினாள், வெல்டர் பக்கத்திலேயே இருந்தார். அது உதட்டால் மட்டும் தொட்டு, துண்டை நோகாமல் வாங்கிக்கொண்டது. மகளின் கையில் வடு வெளிறிப்போயிருந்தது. அக்கா நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"பரவாயில்லையேடா. உன் நாய் திருந்திடுச்சு" என்றாள்.

சந்தையில் கார் வந்தால் எழுந்து நிற்கிற அந்த வெள்ளை நாய் வெல்டரின் மனதில் வந்து நின்றது. சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை.

"அது எதுக்குக்கா திருந்தணும்? பல்லு முளைக்கிற குட்டி கடிக்கத்தான் செய்யும். கையக் கடிக்கச் சொல்லிக் குடுத்தவன் நான். கடிச்சதுக்கு அடிச்சவனும் நான். கத்துக்குடுத்தவன் வீட்டுக்குள்ள சுகமா இருப்பான், கத்துக்கிட்டதத் தூக்கித் தெருவுல போடுவான்னா, அது என்னக்கா நியாயம்? ஒரு உயிர வீட்டுக்குக் கொண்டு வந்தா, அது வளர்றவரைக்கும் பொறுத்துத்தான் ஆகணும். அதுக்குப் பொறுமை இல்லாதவன் கொண்டு வரவே கூடாது."

அக்கா அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள். நறுக்கிய கேரட்டில் ஒரு துண்டை எடுத்து, பயந்து பயந்து, தன் கையாலேயே பட்டாணியிடம் நீட்டினாள்.