நாலு கூப்பிடு ஒரு காதம்

காதம் என்பது எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு மனித குலம் இத்தனை நூற்றாண்டுகளாகக் காத்திருந்த விடையை, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே நான் கண்டுபிடித்துவிட்டேன். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. யாராவது ஒருவர் கண்டுபிடிக்கத்தானே வேண்டும்.

பழங்காலத்தில் வழித்தூரம் எழுதியவர்கள் காதம் என்றார்கள், யோசனை என்றார்கள். அது எவ்வளவு நீளம் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். யோசனை ஐந்து மைல் என்று ஒரு கட்சி, எட்டு என்று ஒரு கட்சி, ஒன்பது என்று இன்னொன்று. காதம் பத்து மைல் என்பவர் உண்டு. அதில் கால்வாசிகூடத் தரமாட்டேன் என்பவரும் உண்டு. நான் வாய்பாட்டைப் பிடித்தேன். நாலு முழம் ஒரு கோல், ஐந்நூறு கோல் ஒரு கூப்பிடு, நாலு கூப்பிடு ஒரு காதம். முழம் தெரிந்தால் கதை முடிந்தது. முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. என்னிடம் ஒரு முழங்கை இருந்தது. ஸ்கேலை வைத்து அளந்தேன். காதம் மூன்றேமுக்கால் கிலோமீட்டர். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் மைக்செட் கிளம்பினான். என்னோடு ஆராய்ச்சி செய்கிறவன். அவன் ரகசியம் பேசினால் மாடியில் ஜன்னல் சாத்துவார்கள் என்பதால் அந்தப் பெயர், வைத்தவன் நான். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தானே கூப்பிடு, அதைக் கூப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றான். மைதானத்துக்குப் பின்னால் நீளும் சாலையில் போய் நின்று "ஓஓய்" என்று கத்த ஆரம்பித்தான்.

துறை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சிரித்தேன். "தொண்டைக்கெல்லாம் டாக்டர் பட்டம் தர்றாங்களாம்டா. அப்ப காய்கறி வண்டிக்காரருக்கு ரெண்டா தரணும்."

கத்துவதற்கு ஒருவன் போதும். கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள், என் அத்தை மகள். புள்ளியியல் படிக்கிறாள். என் கட்டுரைக்குத்தான் கணக்குப் போட்டுத் தருவதாக இருந்தாள். வெளியூர்க் கருத்தரங்குக்கு எங்கள் இருவர் பெயரும் சேர்ந்து போவதாக இருந்தது. ரயிலில் எதிரெதிர் ஜன்னல் என்பதுவரை நான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

நூலக ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தச் சாலை முழுக்கத் தெரியும். நான் அங்கே படிக்கப் போனேன். அவன் கத்துவான். தூரத்தில் அவள் குடையைத் தூக்குவாள். ஒரு விளக்குக் கம்பம் தள்ளிப் போவாள். அவன் கத்துவான். மறுபடி குடை. நான் பக்கத்தில் இருந்து பேசும்போதே "என்ன சொன்ன?" என்று கேட்கிறவள்.

"தம்பி, அந்தக் கண்ணாடிய இப்பத்தான் தொடச்சாங்க. மூக்க எடுங்க" என்றார் நூலகர்.

கேண்டீனில் அவளைப் பிடித்தேன்.

"அவன் கத்துறது உனக்குக் கேட்குதா?"

"நல்லாக் கேட்குது."

"நல்லான்னா?"

"நல்லான்னா நல்லாத்தான். காத்து அவன் பக்கமிருந்து வந்தா ரொம்ப தூரம் கேட்குது. திரும்பிட்டா பாதிகூட இல்ல. அதான்டா விஷயமே."

"அப்ப காத்துக்கு ஒரு காதம், தொண்டைக்கு ஒரு காதமா?"

"அப்படித்தான் இருந்திருக்கும். அதான் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு அளவு சொல்றாங்க. யாரும் பொய் சொல்லல."

"இது அவன் சொன்னதா?"

"நான் சொன்னது. அவன் கவனிச்சுக் கேட்டான்."

எனக்கு வயிறு எரிந்தது. கேண்டீன் எண்ணெயாக இருக்கலாம்.

"யார் கட்டுரையில உன் பேரு?"

"வெள்ளிக்கிழமை மேடம்கிட்ட சொல்லணும். அன்னைக்கு நீயும் பேசுறல்ல? கேட்டுட்டு சொல்றேன்."

வெள்ளிக்கிழமைத் துறைக் கூட்டத்தில் என் முறை வந்ததும் சட்டைக் கையை மடித்து முழத்தைச் சபைக்குக் காட்டினேன். எங்களுக்கு வழிகாட்டியான மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் முழங்கையை மேஜையில் என் முழங்கைக்குப் பக்கத்தில் ஊன்றினார். மல்யுத்தமோ என்று பயந்துவிட்டேன். அவர் விரல் நுனி என் விரலுக்கு மூன்று விரற்கடை கீழே நின்றது.

"இது யாரு முழம்ப்பா?"

"பொது முழம் மேடம்."

"யாருக்குப் பொது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அத்தை மகளின் குரல். "முழத்துக்கு மூணு விரல் போனா, காதத்துல நானூறு மீட்டருக்கு மேல போகுது மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். மைக்செட் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "அவன் முழத்தையும் ஒரு அளவா சேத்துக்கலாம் மேடம், நல்ல கை" என்றான். இப்படிப்பட்ட நல்லவர்களை என்ன செய்வது?

நடைபாதையில் அவள் என் பின்னாலேயே வந்தாள்.

"மைக்செட் கட்டுரைக்குத்தான் என் பேரக் குடுத்துட்டேன்டா."

"தெரியும்."

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. ஒருத்தன் குரல வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு தொண்டை வேணும். நாளைக்கு வர்றியா?"

"நான் நடுரோட்டுல கத்துறதுக்குப் பொறக்கல."

"சரி, போடா."

மறுநாள் காலை அந்தச் சாலையில் நடக்கப் போனேன். பொதுச் சாலை, யாரும் நடக்கலாம். மைக்செட் இன்னும் வந்திருக்கவில்லை. வெகுதூரத்தில் அவள் மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். முன்னும் பின்னும் பார்த்தேன். ஒரு நாய்கூட இல்லை.

மரியாதையான குரலில் "ஏய்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கோட்டை அழித்துவிட்டு நேராகப் போட்டாளே தவிர நிமிரவில்லை. ஒரு விளக்குக் கம்பத் தூரம் முன்னால் போய் நின்றேன். எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. அதை மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபடியே, இரண்டு கைகளையும் வாயருகே குவித்தேன்.