சக்கரத்தடிக் கல்

பன்னிரண்டு வருஷமாக விற்று வந்த கம்ப்யூட்டர் நிரலை இனிமேல் கேட்கிறவர்களுக்கெல்லாம் திறந்து கொடுத்துவிடலாம் என்று பாலசுப்பிரமணியம் சொன்னபோது, வனிதாவுக்கு முதலில் நினைவு வந்தது ஒரே ஒரு வரிதான்.

ஏற்காட்டில் ஏரிக்கு மேலே, பழைய பங்களா ஒன்றின் பாதியை வாடகைக்கு எடுத்து நடந்த கம்பெனி அது. இப்போது மூன்றே பேர். வீடியோ கேம் செய்கிறவர்களுக்கு வேண்டிய பிசிக்ஸ் இஞ்சினை அங்கே எழுதினார்கள். கேமுக்குள் பந்து எவ்வளவு உயரம் குதிக்கும், சுவர் எந்தப் பக்கம் சரியும், கொண்டை ஊசி வளைவில் வண்டி எவ்வளவு சாயும் என்றெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்வது அதன் வேலை. சின்னச் சின்ன கேம் கம்பெனிகள் அதை வாங்கின. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களால் பார்க்க முடியாது. ஏதாவது கோளாறு என்றால் ஏற்காட்டுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

"நாம மூணு பேரு எத்தன பேத்துக்குங்க பதில் சொல்றது?" என்றார் பாலசுப்பிரமணியம். கம்பெனி அவருடையது. சேலத்துக்காரர், கோபம் வந்தாலும் 'ங்க' விடாதவர். "சோர்ஸ் கோடையே குடுத்துட்டம்னா அவங்கவங்களே பாத்துச் சரி பண்ணிக்குவாங்க. தை பொறந்ததும் உட்டுரலாமுங்க வனிதா. அதுக்குள்ள ஒருக்கா முழுசும் படிச்சு ஒழுங்கு பண்ணிருங்க."

வனிதா உட்கார்ந்து படித்தாள். வாடிக்கையாளர்களைத் திட்டி எழுதிய குறிப்புகளை எடுத்தாள். யாரோ பொழுதுபோகாமல் எழுதி வைத்த மதியச் சாப்பாட்டுப் பட்டியலையும் எடுத்தாள். வண்டிகளுக்கான பகுதி வந்ததும் நின்றாள்.

அங்கே ஓர் எண் இருந்தது: 0.00272. அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'சக்கரத்துக்கு அடியில் கல். எடுத்தால் வண்டி நகரும். சிவக்குமார்.'

சிவக்குமார் பக்கத்துத் தலைச்சோலை கிராமத்துக்காரன். ஐந்து வருஷத்துக்கு முன் இங்கே வேலை பார்த்தவன். அப்போது சரிவில் நிறுத்திய வண்டி எதுவும் நிற்காமல் நத்தை வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் விட்டால் வளைவைத் தாண்டிப் போய்விடும். மலையில் ஜீப்பை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி ஒவ்வொரு கணமும் வண்டியை, சரிவுக்குத் தக்கபடி, மேட்டுப் பக்கம் துளி தள்ளிவிட அந்த எண்ணை வைத்தான். வண்டி நின்றுவிட்டது. ஏன் அந்த எண் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

எல்லாரும் கூடியிருந்த ஒரு கூட்டத்தில் வனிதாதான் கேட்டாள். "இந்த நம்பர் எங்கிருந்துங்க வந்துச்சு, சிவக்குமார்?"

"போட்டுப் போட்டுப் பாத்தனுங்க்கா. இதுல நின்னுச்சு."

"கணக்குப் போட்டீங்களா, குறி பாத்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிவக்குமாரும் சிரித்தான். இரண்டு மாதம் கழித்து, வீட்டுக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி வேலையை விட்டான். தோட்டத்துக்காகத்தான் போனான் என்று வனிதாவும் நம்பியிருந்தாள்.

வெளியே விடுவதற்கு முன்னால் அந்த எண்ணைப் பற்றி அவனிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை தலைச்சோலை பஸ் ஏறினாள்.

காப்பிப் பழம் எடுக்கும் காலம். களத்தில் கொட்டையைப் பரப்பிவிட்டு, மரப்பலகையால் கிளறிக்கொண்டிருந்தான் சிவக்குமார். கொஞ்சம் கறுத்திருந்தான், மற்றபடி அதே ஆள். அவளைக் கண்டதும் பலகையைச் சாத்தி வைத்துவிட்டு, "வாங்க்கா, வாங்க! ஊட்டுக்குள்ள வாங்க" என்றான். அவன் மனைவி சசிகலா காப்பி கொண்டுவந்து வைத்தாள். வனிதா வந்த விஷயத்தைச் சொன்னாள்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நொம்ப நல்ல காரியமுங்க" என்றான். "கல்லு இருக்கட்டும். எம்பேர மட்டும் எடுத்துருங்க."

"ஏனுங்க?"

"எந்தெந்த ஊருல இருக்கறவங்களோ படிப்பாங்க. கணக்குத் தெரியாதவன் வெச்ச கல்லும்பாங்க. இங்க நாலு பேரு சிரிச்சதே போதுமுங்க்கா."

அவன் குரலில் கோபமே இல்லை. பஸ் நேரம் சொல்வதைப் போலத்தான் சொன்னான். வனிதா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். மழை, விலை, அவன் பெண்ணின் பள்ளிக்கூடம் என்று பேசிவிட்டுத் திரும்பினாள். திங்கட்கிழமை அந்தக் குறிப்பிலிருந்து பெயரை எடுத்தாள். எண் அப்படியே இருந்தது.

தை மாதம் நிரல் வெளியே போனது. முதல் வாரம் பாராட்டுகள் வந்தன, இரண்டாம் வாரம் சந்தேகங்கள். பத்தொன்பதாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து நந்தினி என்ற பெண் எழுதியிருந்தாள். அவளும் ஒரு தோழியுமாக மலைப்பாதையில் லாரி ஓட்டும் கேம் ஒன்றைச் செய்கிறார்களாம்.

'கல்லை எடுத்துவிட்டேன், வண்டி நகரவில்லை. அதற்கு முன்னால் உள்ள இரண்டு வரிகளை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். கல் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. 9.8ஐ 60ஆல் இரண்டு முறை வகுத்துப் பாருங்கள். அவர் எண் கடைசி இலக்கம் வரை சரி.'

வனிதா வகுத்தாள். 0.00272 என்று வந்தது. பிறகு அந்த இரண்டு வரிகளைத் திறந்தாள்.

இஞ்சின் ஒரு வினாடியை அறுபது துண்டாக்கித் துண்டு துண்டாகக் கணக்குப் போடும். ஒவ்வொரு துண்டிலும் முதலில் எடை கீழே இழுக்க வேண்டும், அப்புறம் தரை தாங்க வேண்டும். இதில் தரை முதலில் தாங்கிவிட்டு ஓய்ந்தது. அதற்குப் பிறகு எடை இழுத்தது. அந்தத் துளி இழுப்பைத் தாங்க யாருமில்லாமல் வண்டி நகர்ந்தது. புவியீர்ப்பு 9.8. ஒரு துண்டில் அது தரும் வேகத்துக்காக ஒரு முறை, அந்த வேகத்தில் நகரும் தூரத்துக்காக இன்னொரு முறை அறுபதால் வகுத்தால் வருவதுதான் அந்தத் துளி.

அந்த இரண்டு வரிகளையும் எழுதியவள் வனிதா. கம்பெனி தொடங்கிய முதல் வருஷத்தில் எழுதியது.

எழுந்து போய் வராந்தாவில் நின்றாள். ஏரியில் படகுத்துறைக்காரர்கள் படகுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஓசைப்படாமல் வரிகளை மாற்றிவிடலாம். யார் எழுதியது என்று நந்தினி கேட்கவே இல்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே வந்து பாலசுப்பிரமணியத்திடம் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு நானும் சிரிச்சனுங்க" என்றார். "நேர்ல போயிச் சொல்லிட்டு வாங்க. போன்ல வேண்டாம்" என்றார்.

இந்தத் தடவை சிவக்குமார் களத்தில் இல்லை. தோட்டத்துக்குள், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறித்துக்கொண்டிருந்தான். அவன் இறங்கும் வரை கூட அவளால் பொறுக்க முடியவில்லை.

"சிவக்குமார், ஒம்போது புள்ளி எட்ட அறுபதால வகுங்க. வந்தத மறுபடியும் அறுபதால வகுங்க."

அவன் ஏணியிலேயே நின்று கைபேசியை எடுத்துத் தட்டினான். வெகுநேரம் திரையையே பார்த்தான். பிறகு மெல்ல இறங்கி வந்தான்.

"தப்பு என்னுதுங்க" என்றாள் வனிதா. "நான் எழுதுன ரெண்டு வரி இடம் மாறிக் கெடந்துருக்குது. நீங்க வெச்ச கல்லு அதத்தான் தாங்கீட்டு இருந்துச்சு. அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க."

"கேட்டது தப்பில்லீங்க்கா" என்றான் அவன். "நானே என்னையக் கேட்டிருக்கோணும். சிரிச்சதுதான் ஒருமாதிரி ஆயிப்போச்சு."

அவன் மறுபடியும் கைபேசியைப் பார்த்தான். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. "கடைசில இருக்கற ரெண்டு வரைக்கும் சரியா வந்துருக்குதுங்களே! ராத்திரி பகலா எத்தன நம்பர் போட்டுப் பாத்தேன் தெரியுமுங்களா!"

"கல்ல எடுத்துட்டோம். ஆனா எதுக்கு வெச்சது, யாரு வெச்சதுன்னு எழுதி வெக்கலாம்னு இருக்கறேன். உங்க பேரு போடலாமுங்களா?"

"போடுங்க" என்றான். "தலைச்சோலைன்னு ஊர் பேரையும் சேத்துப் போட்டுருங்க."

அன்று மாலையே, நிரலில் கல் இருந்த இடத்தில் வனிதா எழுதினாள். பிழை தன்னுடையது என்றும், அதைத் தாங்கிய எண் தலைச்சோலை சிவக்குமாருடையது என்றும், காரணத்தைக் கண்டுபிடித்தவர் நந்தினி என்றும் மூன்றே வாக்கியம். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தங்கள் நிரல்களிலும் இதே பிழை இருந்ததாகப் பதில் எழுதினார்கள்.

பங்குனி மாதத்தில் ஒரு நாள், வெளியாட்கள் அனுப்பும் திருத்தங்களுக்கிடையே சிவக்குமாரின் பெயரில் ஒன்று வந்திருந்தது. லாரியில் அடுக்கிய மூட்டைகள் வளைவில் காரணமில்லாமல் நடுங்குவதை நிறுத்தும் திருத்தம். எண்பது வரி, கூடவே இரண்டு பக்கக் கணக்கு. வனிதா காலையிலிருந்து மதியம் வரை படித்தாள். நன்றாக இருந்தது. இரண்டு இடங்களில் சந்தேகம் வந்தது, எழுதிக் கேட்டாள்.

ஒன்றுக்கு அரை மணி நேரத்தில் பதில் வந்தது, சரியான பதில். இன்னொன்றுக்கு, 'நல்ல கேள்விங்க்கா. மிளகு காயப் போட்டிருக்குது, மழை வர்ற மாதிரி இருக்குது. அள்ளிப் போட்டுட்டு வந்து பாக்கறேன்' என்றிருந்தது.

வனிதா அந்தத் திருத்தத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.