குபாத் சொல்லாத ஒன்றேகால் மணி நேரம்

என் கணவர் குபாத் பதினோராவது முறையாகப் பனிச்சரிவின் கதையைத் தொடங்கியபோது, நான் பக்கத்து வீட்டு டோக்டோசுனின் கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் பாதிக் கிண்ணத்துக்கு மேல் ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம்.

"என்னம்மா நூர்ஜமால், அதுக்குள்ள தொரத்துற?" என்றார் அவர், போர்சோக் ரொட்டியை வெண்ணெயில் அழுத்திக்கொண்டே.

"கை தவறிடுச்சுண்ணே."

"நல்லாத்தான் தவறியிருக்கு. நீ சொல்லு குபாத்து. பனி வந்துச்சு, அப்புறம்?"

சாவிலிருந்து தப்பியவனைப் பார்க்கப் போகாமலிருப்பது இங்கே பெரிய குற்றம். வந்தவர்களுக்கு அவன் முதலிலிருந்து சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம். நான்கு நாட்களாக அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் வெந்நீர் கொதிக்கும் சமோவாருக்கும் சாப்பாட்டு விரிப்புக்கும் நடுவே தேய்ந்துகொண்டிருந்தேன். நேற்று சமோவாரில் பட்டு மணிக்கட்டு வெந்திருக்கிறது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. பனியில் புதைந்த வண்டியில் நானும் இருந்தேன் என்பதே பலருக்கு நினைவில்லை.

"மேலேருந்து வெள்ளையா ஒரு சுவர் எறங்குது. நான் பதறவே இல்ல. வண்டிய மலைப் பக்கம் ஒடிச்சேன், இன்ஜின நிறுத்தினேன், கதவ ஒதச்சேன், இவள இழுத்துக்கிட்டு வெளிய வந்துட்டேன். மொத்தமே அஞ்சு நிமிஷம்."

வண்டியை ஒடித்தது உண்மை. இல்லாவிட்டால் இன்று டோக்டோசுனுக்கு வெண்ணெய் எடுத்து வைக்க நான் இருந்திருக்க மாட்டேன். அதன் பிறகு அவர் அசையவில்லை. கண்கள் திறந்திருந்தன. கத்தினேன், கன்னத்தில் அறைந்தேன், ஸ்டியரிங்கை இறுக்கியிருந்த விரல்களைச் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசியில் அவர் மடிமேல் ஏறி, ஜன்னலை இறக்கி, சந்தையில் வாங்கிய புதுப் பானையின் மூடியால் பனியைத் தோண்டினேன். சாலைப் பணியாளர்கள் வந்து எங்களை வெளியே இழுக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அவர்களில் ஒருவன் சிகரெட் நீட்டியபோது, தூங்கி எழுந்தவர்போல, "தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டார்.

கௌரவத்துக்காகப் பொய் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அது எனக்குப் புரிந்திருக்கும், மன்னித்தும் இருப்பேன். ஆனால் நேற்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தனியாகக் கேட்டேன்.

"நான் அவ்வளவு கூப்பிட்டேனே, கேக்கலையா?"

"நீ எப்ப கூப்பிட்ட? நீதான் மயங்கிக் கெடந்தியே" என்றார், என்னைப் பரிதாபமாகப் பார்த்து. பொய்யனோடு சண்டை போடலாம். இந்த மனிதரை என்ன செய்வது?

நாளைக் காலை அவர் எங்கள் மகள் அய்சிரேக்கை பிஷ்கெக்கில் இருக்கும் செவிலியர் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார், இரவல் வண்டியில், பனி சரிந்த அதே கணவாய் வழியாக. வேறு யாருடனாவது அனுப்பலாம் என்றதற்குச் சிரித்தார். நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. உங்கள் குபாத் மரம்போல உட்கார்ந்திருந்தார் என்று அவருடைய ஆட்கள் முன்னால் நான் சொல்ல வேண்டும். கதையின் ஒவ்வொரு முடிவிலும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் யாராவது கிண்ணத்தை நீட்டினார்கள்.

அப்போதுதான் அவருடைய அத்தை புருல்சா வந்தார். பயந்தவர்களுக்கு இதயம் கீழே விழுந்துவிடும், அதை மேலே ஏற்றி வைப்பவர் அவர். எதிர்பாராத நொடியில், வாயில் அடக்கிய தண்ணீரை முகத்தில் உமிழ்வார், உடம்பு தூக்கிவாரிப்போடும், இதயம் தன் இடத்துக்குத் துள்ளும். ஒருமுறை பூனைக்குக்கூடச் செய்திருக்கிறார்.

"எனக்கு ஒண்ணுமில்ல அத்த. நாளைக்கு வண்டி ஓட்டப் போறேன்."

"ஒண்ணுமில்லாதவன் எதுக்குடா நாலு நாளா ஒரே கதைய ஊருக்கெல்லாம் அளந்துக்கிட்டிருக்க? உக்காரு. பசங்கள்லாம் நல்லாருக்காங்களா?"

குபாத் பதில் சொல்ல வாயெடுத்தபோது, எப்போது வாயில் நிரப்பினாரோ, அத்தை குளிர்ந்த தண்ணீரை அவர் முகத்தில் பீய்ச்சி அடித்தார்.

குபாத் திடுக்கிடவில்லை. இமைகூட மூடவில்லை. புருவத்திலிருந்து தண்ணீர் வழிந்து திறந்த கண்ணுக்குள் போயிற்று. இரண்டு கைகளும் மெல்ல நெஞ்சுயரத்துக்கு எழுந்து, இல்லாத எதையோ இறுகப் பற்றிக்கொண்டன.

"குராய், குராய், வா, வந்துடு" என்று அத்தை அவருடைய இதயத்தை அழைத்தார். மூன்றாவது முறை குரல் இறங்கிவிட்டது.

"நடிக்கிறான் படவா" என்று டோக்டோசுன் சிரித்தார். பிறகு கையிலிருந்த ரொட்டியை விரிப்பில் வைத்தார்.

"அம்மா, அப்பாவுக்கு என்ன?" அய்சிரேக்கின் குரல் என் பின்னாலிருந்து வந்தது.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்தாரு."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான்கு நாள் மென்று விழுங்கியது இவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிட்டதில் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கையிலிருந்த தேநீர்க் கெட்டிலை அய்சிரேக்கிடம் கொடுத்துவிட்டு அவர் முன்னால் மண்டியிட்டேன். எங்கே தொடங்க வேண்டும் என்று என் கைகளுக்குத் தெரிந்திருந்தது. இடது கையின் சுண்டுவிரல் முதலில். அது வந்தது. அடுத்த விரலை இழுத்தேன். அது பிடிவாதமாகக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.